சாட்டிலைட்டுக்குச் சாப்பாட்டு நேரம்

நளினி வீட்டு மொட்டை மாடியில் ஒரு வெள்ளைக் கிண்ணம் இருந்தது. எட்டடி அகலம். அதில் பாயசம் காய்ச்சி வைத்தால் ஊரே வயிறு முட்டக் குடித்துவிட்டு, பக்கத்துச் சத்தியவேட்டுக்கும் இரண்டு குடம் கொடுத்தனுப்பலாம்.

ஆனால் அது பாயசக் கிண்ணம் இல்லை. கேபிள் டிவி டிஷ். வானத்தைப் பார்த்து அண்ணாந்தபடி, எங்கேயோ உயரத்தில் இருக்கிற ஒரு சாட்டிலைட்டிலிருந்து எட்டு சேனல்களைப் பிடித்து ஊருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்தத் தெருவில் தளம் போட்ட வீடு நளினியுடையது ஒன்றுதான். அவளுடைய நைனா கோவர்த்தனன் குவைத்தில் லாரி ஓட்டிப் போட்ட தளம். அதனால் டிஷ்ஷும் அங்கேயே குடிவந்துவிட்டது.

டிஷ்ஷின் சொந்தக்காரர் கிரண்குமார். அவருடைய விசிட்டிங் கார்டில் 'மேனேஜிங் டைரக்டர், சீஃப் இன்ஜினியர், சாட்டிலைட் நிபுணர்' என்று மூன்று வரி இருக்கும். கம்பெனியில் இருப்பது அவர் ஒருவர்தான். அதனால் மூன்று வேலையையும் அவரே பார்க்க வேண்டியிருந்தது. ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டாவில் தன் மாமன் மகன் வேலை செய்வதாக தினமும் ஒரு தடவையாவது சொல்வார். கேன்டீனில் தயிர் ஊற்றுகிற வேலை என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்.

நளினியின் அம்மா இந்திராணி தையல்காரி. சென்னையில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு நைட்டி தைத்துக் கொடுப்பாள். வெட்டிய துணி காலை பஸ்ஸில் வரும். தைத்த மூட்டை சாயங்காலச் சென்னை பஸ்ஸில் ஏறும். மிஷினை மிதித்து மிதித்து முட்டி வலி வந்துவிட்டதால், போன மாதம்தான் ஒரு குட்டி மோட்டாரைப் பொருத்தியிருந்தாள். பெடலை லேசாகத் தொட்டால் போதும், 'டர்ர்ர்' என்று மிஷின் ஓடும்.

சாயங்காலம் பஸ்ஸை நிறுத்துவது நளினியின் வேலை. அதில் ஒரு தொல்லை. பஸ் மேற்கே நாகலாபுரம் பக்கத்திலிருந்து வரும். அந்த நேரத்துக்குச் சூரியனும் அதே ரோட்டின் கடைசியில், பஸ்ஸுக்கு நேர் பின்னால் நிற்கும். கண் கூசி, பஸ்ஸின் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. நளினி குத்துமதிப்பாகக் கையைக் காட்டுவாள்.

"இது சத்தியவேட்டோட நிக்கற பஸ்ஸும்மா! போர்டைப் பாக்கறதில்ல?" என்று கண்டக்டர் கத்திவிட்டு விசிலடிப்பார்.

நளினிக்கு வயது பத்து. தசரா லீவு விட்டிருந்தார்கள். லீவில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. மாடியில் காயவைத்த வேர்க்கடலையைக் காக்காய் கொத்தாமல் பார்த்துக்கொள்வது. துணைக்கு ஆறு வயதுத் தம்பி சுனில். காக்காயை விட அவன்தான் அதிகம் தின்றான்.

லீவின் முதல் திங்கட்கிழமை அந்தக் குழப்பம் ஆரம்பித்தது.

பகல் பதினொன்றரைக்கு ஊரே ஒரு சீரியல் பார்க்கும். கதாநாயகி கையில் ஒரு கடிதம். அதைப் பிரித்தால் அவளுடைய அப்பா யார் என்று தெரிந்துவிடும். பிரிக்கப் போனாள். பின்னால் வயலின் அழுதது. அந்த நேரம் பார்த்துப் படம் போய்விட்டது! திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரே இரைச்சல்.

"ஐயோ, போச்சே!" என்று எதிர்வீட்டுச் செங்கம்மா போட்ட கூச்சலில் கடலை கொத்த வந்த காக்காய் பறந்துவிட்டது.

இரண்டு நிமிடம். தானாகப் படம் திரும்பி வந்தது. அதில் சோப்பு விளம்பரம் ஓடியது.

செவ்வாய்க்கிழமையும் அதேபோல் பதினொன்றே முக்காலுக்குப் போனது. இந்தமுறை ஐந்து நிமிடம். கிரண்குமார் ஷூ காலோடு ஓடிவந்தார். இந்திராணி தரையில் பரப்பி வைத்திருந்த நைட்டித் துணிகளை மிதித்துக்கொண்டே மாடிப்படி ஏறினார். அங்கே வேர்க்கடலையை மிதித்தார். டிஷ்ஷை 'டொக் டொக்' என்று இரண்டு தட்டுத் தட்டினார்.

"வந்துச்சு!" என்று கீழேயிருந்து செங்கம்மாவின் குரல்.

கிரண்குமார் இடுப்பில் கை வைத்தார். "பாத்தியா பாப்பா? இதுக்கெல்லாம் கை ராசி வேணும்."

"அண்ணா, நேத்து நீ வரவே இல்லியே. நேத்தும் தானாத்தானே வந்துச்சு?" என்று கேட்டாள் நளினி.

கிரண்குமாருக்குக் காது கேட்கவில்லை.

சுனிலுக்கு வேறு சந்தேகம். "அண்ணா, சாட்டிலைட்டு துன்றதுக்குப் போய்க்கீதா? நைனாகூட மத்தியானம் வேலைய வுட்டுட்டு துன்னப் போவாராம். கடுதாசியில எழுதிக்கீறாரு."

"சாட்டிலைட்டுக்குச் சாப்பாடு ஏதுடா?" என்று சிரித்தார் கிரண்குமார். "அதுக்கு ரெண்டு ரெக்கை கீது. அதும்மேல வெயில் பட்டா அதான் கரண்ட்டு. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேல கீது. பூமி சுத்தற வேகத்துக்கே அதுவும் கூடச் சுத்தும். அதனால நம்ம கண்ணுக்கு எப்பவும் ஒரே எடம். டிஷ்ஷை ஒரு தடவ அது மூஞ்சிக்கு நேரா திருப்பி வெச்சா, அப்புறம் திருப்பவே வேணாம்."

"ஞாயித்துக்கிழமை லீவு?"

"கெடையாது."

"தசராவுக்கு?"

"ஒரு நாளு கூட கெடையாதுடா! பன்னெண்டு வருஷம் இப்பிடியே நிக்கும். அப்புறம் ரிட்டயரு."

பாவம் சாட்டிலைட், என்று நினைத்துக்கொண்டாள் நளினி. கிரண்குமார் அதுவரை சொன்னதில், சாட்டிலைட் ஒரே இடத்தில் நிற்பது ஒன்றுதான் முழுக்க உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொன்னவருக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஊர்ப் பஞ்சாயத்தின் மாஜி சர்பஞ்சு ரங்கையா கைத்தடியோடு வந்துவிட்டார். அவர் பதவி போய்ப் பத்து வருடம் ஆகிறது. அந்தச் சேதியை அவரிடம் சொல்லும் தைரியம்தான் ஊரில் யாருக்கும் இல்லை.

"ஏமய்யா கிரணு! ரெண்டு நாளா கடுதாசியைப் பிரிக்க வுடமாட்டேங்கறே. இன்னா காரணம்?"

காரணம் தெரியாது என்று சொன்னால் விசிட்டிங் கார்டு என்ன ஆவது? கிரண்குமார் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து 'டர்ர்ர்' என்று சத்தம் கேட்டது. அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"அதோ! அந்த மோட்டாருதான் காரணம். டிஷ்ஷுக்கு நேர் கீழ ஓடுது பாருங்க. அதுல வர்ற பொறி மேல போயி, சிக்னலைக் கலக்கிடுது."

"நான் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் ஓட்டறேனே தம்பி. பதினொன்னே முக்காலுக்கு மட்டும் எப்பிடிக் கலக்கும்?" என்றாள் இந்திராணி.

"அது டெக்னிக்கல் அக்கா. உனக்குப் புரியாது."

"ஒம்பதுலேருந்து பதினொன்னரை வரைக்கும் கரண்ட்டு கட்டு. பதினொன்னரைக்கு வந்த ஒடனே இவ மோட்டாரைப் போடறா. ஒடனே படம் போவுது. கரெக்டாத்தானே கீது?" என்றாள் செங்கம்மா.

எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. நளினிக்கே ஒரு நிமிடம் அம்மா மீது சந்தேகம் வந்துவிட்டது.

"நாளைலேருந்து மோட்டாரை ஓட்டாதே," என்று ரங்கையா கைத்தடியைத் தரையில் தட்டினார்.

"சனிக்கிழமை பஸ்ஸுக்கு அறுவது நைட்டி போவணும் பெரியவரே! போவலேன்னா ஆர்டரைப் புத்தூர்க்காரங்களுக்குக் கொடுத்துடுவாங்க. மறுபடி நமக்கு வராது."

"ஊருக்கே கடுதாசி பிரியல. உனக்கு நைட்டி பெருசாப் போச்சா?"

புதன்கிழமை இந்திராணி மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, வலிக்கிற முட்டியோடு மிஷினை மிதித்தாள். மோட்டார் மேசையடியில் சும்மா கிடந்தது. சரியாகப் பதினொன்றே முக்காலுக்குப் படம் போனது. அதுவும் ஏழு நிமிடம்!

நளினி கிரண்குமாரிடம் ஓடினாள். "அண்ணா, மோட்டாரு ஓடவே இல்ல. அப்பவும் போயிடுச்சு!"

கிரண்குமார் குழம்பிப்போனார். ஆனால் மேனேஜிங் டைரக்டர்கள் அதை வெளியே காட்டுவதில்லை. "அது நேத்து ஓட்டின சூடு பாப்பா. உள்ளயே தங்கிக்கினு கீது. மோட்டாரை இந்த ஊர்லயே வெக்கக்கூடாது."

ரங்கையா அதை ஆமோதித்தார். வெள்ளிக்கிழமை பகலுக்குள் மோட்டார் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது.

அன்று ராத்திரி இந்திராணி முட்டியில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டே எண்ணினாள். இன்னும் இருபத்திரண்டு நைட்டி பாக்கி. மிதித்துத் தைத்தால் சனிக்கிழமைக்குள் பத்துகூட முடியாது. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி மிஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அதைப் பார்க்க நளினிக்கு என்னவோபோல் இருந்தது.

வியாழக்கிழமை நளினி மாடியில் கடலைக்குக் காவல் உட்கார்ந்தாள். மனசு கடலையில் இல்லை. டிஷ்ஷையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிஷ்ஷின் நடுவில், மூன்று கம்பிகள் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தன. சுனில் அதற்கு 'மூக்கு' என்று பேர் வைத்திருந்தான். சாட்டிலைட் அனுப்புவதை மோப்பம் பிடிக்கிற மூக்கு. அதன் நிழல் வெள்ளைக் கிண்ணத்துக்குள் கறுப்பு வட்டமாக விழுந்திருந்தது. காலையில் அது கிண்ணத்தின் மேற்கு ஓரத்தில் இருந்ததை நளினி பார்த்திருந்தாள். இப்போது மெல்ல நடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

நகர்ந்து நகர்ந்து, கிண்ணத்தின் நட்ட நடுவில் இருக்கிற ஆணி மேல் வந்து உட்கார்ந்தது.

"போச்சு!" என்று கீழே செங்கம்மா கத்தினாள்.

நளினி சட்டென்று எழுந்தாள். நிழலையே முறைத்துப் பார்த்தாள். அது ஆணியைத் தாண்டிக் கிழக்கே இரண்டு விரல் நகர்ந்தது.

"வந்துச்சு!"

நளினி இரண்டு இரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினாள். அம்மாவின் அளவுகோலையும், துணியில் கோடு போடுகிற நீலச் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு மாடிக்குத் திரும்பினாள். சாக்பீஸைக் கோலின் முனையில் கட்டிக்கொண்டு, முக்காலி மேல் ஏறி, டிஷ்ஷின் நடு ஆணியைச் சுற்றி நிழல் அளவுக்கு ஒரு வட்டம் போட்டாள். முதல் தடவை சுட்ட தோசை மாதிரி கோணலாக வந்தது. பரவாயில்லை.

"எதுக்குக்கா டிஷ்ஷுக்குப் பொட்டு வெக்கறே?" என்றான் சுனில்.

"தெரியலடா. நிழலு நடுவுல வந்தா படம் போவுது. ஏன்னுதான் புரியல."

சாயங்காலமும் அது புரியவில்லை. யோசித்துக்கொண்டே ரோட்டோரம் போய் நின்றாள். அம்மா தைத்தவரைக்கும் ஒரு சின்ன மூட்டையாகக் கட்டியிருந்தாள். நாகலாபுரம் பக்கத்திலிருந்து பஸ் வந்தது. பின்னால் சூரியன். கண் கூசியது. நளினி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பஸ் தெரிந்தது, போர்டு தெரியவில்லை. பஸ் வளைவில் கொஞ்சம் விலகியதும் போர்டில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. சென்னை!

நளினி கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பஸ் எங்கேயும் போகவில்லை. போர்டும் அழியவில்லை. சூரியன் பின்னால் நின்றதால் என் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்!

"ஏறுதா இல்லியா மூட்டை?" என்று கண்டக்டர் கத்தினார்.

"ஏறுது! ஏறுது!" என்று நளினி குதித்த குதியில், மூட்டையில் என்னதான் இருக்கிறதோ என்று கண்டக்டர் ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு மாடியில் கூட்டம். மோட்டாரை எடுத்துப் போக கிரண்குமார் ஒரு கோணிப்பையோடு வந்திருந்தார். ரங்கையாவுக்கு நாற்காலி போட்டார்கள்.

நளினி அவர் முன்னால் போய் நின்றாள்.

"தாத்தா, படம் எப்ப போவும், எப்ப வரும்னு நான் முன்னாடியே சொல்றேன். தப்பாச் சொன்னா மோட்டாரை எடுத்துக்கினு போங்க."

"நீ யாரு, ஜோசியக்காரியா?" என்றார் கிரண்குமார்.

"ஜோசியம் இல்லண்ணா. சாக்பீஸு." அவள் டிஷ்ஷில் இருந்த நீல வட்டத்தைக் காட்டினாள். "அம்மா! மோட்டாரை மாட்டி ஓட்டு!"

கீழே 'டர்ர்ர்' என்று ஓடியது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். செங்கம்மா டிவி முன்னாலிருந்து கத்தினாள்: "படம் நல்லாத்தான் கீது! கடுதாசியைக் கையில எடுத்துட்டா!"

ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மோட்டார் ஓடியது, படமும் ஓடியது. கிரண்குமார் கோணிப்பையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

நிழல் வட்டத்தை நெருங்கியது. நிழல் நேற்றுப் போன தடத்தில் போகவில்லை! ஒரு விரல் அளவுக்கு வடக்கே தள்ளிப் போனது. வட்டத்துக்குள் முழுசாக விழுமா, விழாதா? படம் போகாவிட்டால் எல்லாம் போச்சு.

அவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "அம்மா, மோட்டாரை நிறுத்து!"

மிஷின் நின்றது. மாடியில் சுனில் கடலை உடைக்கிற சத்தம் மட்டும்.

நிழல் வட்டத்தை முக்கால்வாசி நிறைத்தது.

"இப்ப போவும்," என்றாள் நளினி.

அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. கிரண்குமார் கோணிப்பையை உதறினார்.

"போச்சுடி!" என்று கீழே செங்கம்மா அலறினாள்.

ரங்கையா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மோட்டாரு நின்னுக்கினு கீதே! அப்புறம் எப்பிடி?"

"இப்ப ஓட்டும்மா!" என்று கத்தினாள் நளினி. மோட்டார் மறுபடி 'டர்ர்ர்' என்றது. நிழல் ஆணியைத் தாண்டி நழுவியது. நளினி விரலை உயர்த்தினாள். "இதோ... வரும்."

"வந்துச்சு!"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முன்பைவிடக் குழப்பம் அதிகமாகிவிட்டது. ரங்கையா தாடையைத் தடவினார். மோட்டார் நின்றபோது படம் போனது, ஓடியபோது வந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இந்திராணி!" என்று மாடியிலிருந்தே ஆணையிட்டார். "மோட்டாரை நிறுத்தாதே! நீ ஓட்டினாத்தான் ஊருக்குப் படம் வருது!"

கிரண்குமார் கோணிப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நானும் அதைத்தானே சொல்ல வந்தேன்," என்றார்.

நளினிக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே விட்டுவிட்டால் அம்மாவின் மோட்டாரை இனி யாரும் தொடமாட்டார்கள். ஆனால் நாளைக்குக் கரண்ட் போய் மோட்டார் நின்றால்? அதற்கும் அம்மாவைத்தான் திட்டுவார்கள்.

"அதுவும் இல்ல தாத்தா," என்றாள். "மோட்டாருக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்ல. சாயங்காலம் நாகலாபுரம் பஸ்ஸு வரும்போது போர்டு தெரியுதா உங்களுக்கு?"

"எங்கே? கண்ணு கூசுது. போன வாரம் சென்னை போறதுக்குச் சத்தியவேட்டுல போய் எறங்கிட்டேன்." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது.

"அதேதான் டிஷ்ஷுக்கும். சாட்டிலைட்டு ஒரே எடத்துல நிக்குதுன்னு கிரண் அண்ணாதான் சொன்னாரு. சூரியன் நகந்துக்கினே கீது. இந்த வாரம் பதினொன்னே முக்காலுக்கு அது சாட்டிலைட்டுக்கு நேர் பின்னாடி வந்து நிக்குது. அதனாலதான் மூக்கோட நிழலு நட்ட நடுவுல விழுது. டிஷ்ஷுக்குக் கண்ணு கூசுது. சூரியன் தாண்டிப்போனா மறுபடி தெரியுது."

மாடியில் எல்லோரும் டிஷ்ஷைப் பார்த்தார்கள். நிழல் ஒன்றும் தெரியாததுபோல் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

"அப்ப சாட்டிலைட்டு எங்கயும் போவலையா?" என்றான் சுனில்.

"போவலடா. அது பாட்டுக்கு வேலை செஞ்சுக்கினுதான் கீது."

"துன்னக்கூட போவலையா?" சுனிலுக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. கையிலிருந்த கடலையில் ஒன்றை டிஷ்ஷுக்குள் போட்டான்.

"தெனமும் நிழலு ஒரு விரலு வடக்கே தள்ளிப்போவுது," என்றாள் நளினி. "ஞாயித்துக்கிழமைக்குள்ள வட்டத்தை வுட்டே போயிடும். அப்புறம் படம் போவாது."

அப்படியே ஆயிற்று. சனிக்கிழமை ஒரு நிமிடம் மட்டும் போனது. ஞாயிற்றுக்கிழமை போகவே இல்லை. திங்கட்கிழமை காலை ஊரில் எல்லாச் சுவரிலும் ஒரு நோட்டீஸ்: 'எங்கள் சீஃப் இன்ஜினியர் இரவு பகலாக உழைத்துச் சூரியனை நகர்த்திவிட்டார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

சீரியலில் கதாநாயகி அன்றுதான் கடிதத்தைப் பிரித்தாள். ஒரு வாரமாக அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டேதான் இருந்திருக்கிறாள். யாருக்கும் எதுவும் தப்பிப்போகவில்லை.

அறுபது நைட்டிகளும் சனிக்கிழமைக்குள் சென்னை பஸ்ஸில் ஏறிவிட்டன. அடுத்த வாரம் எண்பதுக்குத் துணி வந்தது.

மார்ச் மாதம். ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்கு நளினி மாடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. திடீரென்று எதிர்வீட்டில் ஒரு குரல்: "போச்சே!"

தெற்கே போன சூரியன் திரும்பி வரும் வழியில், மறுபடி அதே இடத்தில் வந்து நின்றிருந்தது. நளினி எட்டிப் பார்த்தாள். நிழல், மழையில் பாதி அழிந்துபோன பழைய நீல வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

கீழே வாசலில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். கிரண்குமார். சட்டைப் பையில் விசிட்டிங் கார்டு, கையில் ஒரு பொட்டலம் மிக்சர்.

"அக்கா," என்றார் மெதுவாக, "எத்தினி நாளைக்குப் போவும்னு கேக்கணும். நளினி மேடம் இருக்காங்களா?"

இந்திராணி தைப்பதை நிறுத்தவில்லை. மோட்டார் 'டர்ர்ர்' என்று ஓடிக்கொண்டே இருந்தது.

"மாடியிலதான் படிச்சிக்கினு கீது," என்றாள். "ஷூவைக் கழட்டி வெச்சுட்டுப் போ."